என் டப்பாவில் இல்லாத அட்டை



ஹாஸ்டலில் என் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கு. ஊரிலிருந்து முறுக்கு வந்திருக்கும்னு நம்பி அதைத் திறந்து ஏமாந்தவர்கள் நம் பிளாக்கில் நிறைய பேர். உள்ளே இருப்பது முறுக்கு இல்லை, அட்டைகள். மொத்தம் 41. எல்லாம் ஜப்பானில் அச்சானவை. சில வட்டமாக இருக்கும், சில நீள்சதுரமாக இருக்கும். ஓரங்கள் தேய்ந்து பஞ்சு மாதிரி ஆகிவிட்டன. ஒவ்வொன்றிலும் தொப்பி போட்டு மட்டையோ பந்தோ பிடித்த ஒரு பேஸ்பால் வீரர். இதை வெச்சு என்னடா பண்ணப் போறேன்னு கேட்காத ஆள் இல்லை. ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுன்னு நம்ம யூனியன் செயலாளர் கேட்டதும், அந்தக் கேள்விக்கே பதில் எழுதிவிடலாம்னு உட்கார்ந்தேன்.

ஆனால் நான் எழுதப் போவது அந்த 41 அட்டைகளைப் பற்றி இல்லை. என்னிடம் இல்லாத 42-வது அட்டையைப் பற்றி. அதில் இருக்க வேண்டியவர் பெயர் எய்ஜி சவாமுரா. ஜப்பானில் பேஸ்பால் தெரிந்த யாரிடம் கேட்டாலும் அந்தப் பெயர் தெரியும். 1944-ல் இறந்து போனார். அப்போது வயது 27.

முதலில் அட்டை எப்படி வந்ததுன்னு சொல்லிடறேன். என் சித்தப்பா சரக்குக் கப்பலில் இஞ்சின் ரூம் ஃபிட்டர். ஒரு தடவை கோபே துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, பழைய சாமான் விற்கும் சந்தையில் ஒரு பை நிறைய அட்டையை மலிவா வாங்கி வந்தார். எனக்கு விளையாட வாங்கினார். நான் விளையாடவில்லை, சேர்க்க ஆரம்பிச்சேன். நம்ம பக்கத்துப் பசங்க தீப்பெட்டிப் படம் சேர்த்த மாதிரிதான்.

இந்த அட்டைக்கு ஜப்பானில் மெங்கோ என்று பெயர். தடித்த அட்டையில் அச்சிட்டு, தெருமுனை மிட்டாய்க் கடையில் சில்லறைக்கு விற்பார்கள். ஒரு பையன் தன் அட்டையைத் தரையில் வைப்பான். இன்னொருவன் தன் அட்டையை ஓங்கி அதன் பக்கத்தில் அடிப்பான். அடிக்கிற வேகத்தில் கிளம்பும் காற்றில் கீழே கிடக்கும் அட்டை புரண்டால், அது அடித்தவனுக்குச் சொந்தம். அவ்வளவுதான் ஆட்டம். பல அட்டைகளின் பின்பக்கம் நீளமான ஒரு எண் இருக்கும். யாருடைய எண் பெரிசுன்னு பார்த்தும் பந்தயம் போடலாம். கல், காகிதம், கத்தரிக்கோல் கைச்சின்னமும் போட்டிருக்கும். ஒரே அட்டையில் மூன்று விளையாட்டு!

இன்னொரு வகை, புரோமைடு. அது மெல்லிய தாளில் வரும் சின்னப் போட்டோ. அடிக்க முடியாது, பார்த்து ரசிக்கத்தான். என்னிடம் அது இரண்டுதான் இருக்கு.

இந்த அட்டைகளில் பெரும்பாலும் வருஷம் போட்டிருக்காது. அச்சடித்த கம்பெனி பெயரும் பல சமயம் இருக்காது. அப்புறம் எப்படி வயசு கண்டுபிடிப்பது? அதில்தான் சுவாரஸ்யமே. வீரர் போட்டிருக்கும் சட்டையைப் பார்க்கணும். உதாரணத்துக்கு, ஹிரோஷி ஒஷிதா என்ற அடிவீரர் 1951 வரை டோக்கியூ ஃபிளையர்ஸ் அணியில் இருந்தார். 1952-ல் நிஷிதெட்சு லயன்ஸ் அணிக்குப் போய்விட்டார். ஆக, அவர் டோக்கியூ சட்டையில் இருந்தால் அந்த அட்டை 1951-க்குப் பிந்தியதாக இருக்க வழியில்லை என்று கொள்ளலாம். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் இல்லாமல் அளவெடுக்கிற வேலை இது.

இப்படி ஒவ்வொரு அட்டைக்கும் வருஷம் கண்டுபிடிச்சு, நோட்டில் வரிசையா எழுதினேன். எழுதி முடிச்சதும் ஒண்ணு புரிஞ்சது. எல்லாமே 1947-க்குப் பிந்தியவை. அந்த வீரர்களின் கதைகளைத் தேடிப் படிச்சால், எல்லாக் கதையிலும் ஒரே பெயர் குறுக்கே வந்தது. அவரோடு ஆடினேன், அவரிடம் அவுட் ஆனேன், அவர் பெயரில் பரிசு வாங்கினேன்னு ஆளாளுக்கு ஒரு தொடர்பு. ஆனால் அவர் மட்டும் என் டப்பாவில் இல்லை. அவர்தான் சவாமுரா.

கிரிக்கெட் மட்டும் தெரிந்த நண்பர்களுக்காக இரண்டே வரி. பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்சர். பந்து தரையில் குத்தி எழும்பாது, நேராக வரும். மூன்று நல்ல பந்தை அடிவீரர் கோட்டை விட்டால் ஸ்ட்ரைக் அவுட். எல்லைக்கு வெளியே தூக்கி அடித்தால் ஹோம் ரன். ஒரு ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசினால் அது நோ-ஹிட்டர். பல பிட்சர்களுக்கு வாழ்நாளில் ஒன்றுகூடக் கிடைக்காது. சவாமுராவுக்கு மூன்று.

1917 பிப்ரவரி 1-ஆம் தேதி, மியே மாநிலத்தில் உஜியமதா என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊரின் பெயர் இசே. காய்கறி, பழம் விற்கும் குடும்பம். பையனுக்குப் பந்து வீசத் தெரிந்தது. கியோட்டோ வணிகப் பள்ளியில் சேர்ந்தார். நம்ம பாலிடெக்னிக் மாதிரி தொழிலுக்கான படிப்புதான் அதுவும். அந்தப் பள்ளிக்காக கோஷியன் மைதானத்தில் ஆடினார். பள்ளிக்கூடப் போட்டிக்கு நாடே திரண்டு பார்க்கும் மைதானம் அது. இடது காலை முகத்துக்கு நேரே தூக்கி, உடம்பை வில்லாக வளைத்து வீசுவார். பழைய போட்டோக்களில் அந்தக் கால் வானத்தைப் பார்த்து நிற்கும்.

அப்போது ஜப்பானில் தொழில்முறை அணிகளின் லீக் கிடையாது. பேஸ்பால் என்றால் பள்ளி, கல்லூரி, கம்பெனி அணிகள்தான். 1932-ல் கல்வி அமைச்சகம் ஒரு கட்டுப்பாடு போட்டது. மாணவர்கள் தொழில்முறை வீரர்களோடு ஆடக் கூடாது என்பது அதில் ஒன்று. இந்த உத்தரவை நினைவில் வெச்சுக்குங்க. கதை இதில்தான் திரும்பப் போகுது.

1934-ல் யோமியூரி பத்திரிகையின் அதிபர் மட்சுதாரோ ஷோரிகி, அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர்களை ஜப்பானுக்கு அழைத்தார். வந்தவர்களில் பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ், சார்லி கெரிங்கர் எல்லோரும் உண்டு. அவர்களோடு ஆட ஜப்பானுக்கு ஒரு அணி வேண்டும். மாணவர்களை எடுக்க உத்தரவு இடம் கொடுக்காது. சவாமுராவுக்கு அழைப்பு வந்தது. போகணும்னா பள்ளியை விடணும். விட்டார். 17 வயசு. படிப்பு முடியவில்லை.

நாம் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம்? உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரன் உன் ஊருக்கு வருகிறான், அவனுக்கு நீ பந்து போடு என்று கூப்பிட்டால், இல்லை சார், எனக்குச் செமஸ்டர் இருக்கு என்று எத்தனை பேர் சொல்லியிருப்போம்? நான் சொல்லியிருக்க மாட்டேன். அதனால் அவர் செய்தது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சுற்றுப்பயணத்தில் ஜப்பான் அணி அமெரிக்கர்களை ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. பேப் ரூத் மட்டும் 13 ஹோம் ரன் அடித்தார். சவாமுராவும் மற்ற ஆட்டங்களில் நன்றாகவே அடி வாங்கினார். ஆனால் நவம்பர் 20-ஆம் தேதி, ஷிசுவோகா நகரில் குசநாகி மைதானத்தில் நடந்த ஆட்டம் வேறு மாதிரி ஆனது. கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் நான்கு பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தார் அந்தப் பையன். நான்கு பேரும் பின்னாளில் அமெரிக்கப் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பிடித்தவர்கள். அன்றைக்கு மொத்தம் ஒன்பது ஸ்ட்ரைக் அவுட். கொடுத்த ஹிட் ஐந்தே ஐந்து. ஏழாவது இன்னிங்ஸில் கெரிக் ஒரு ஹோம் ரன் அடித்தார். அது ஒன்றுதான் ரன். ஜப்பான் 0-1 என்று தோற்றது.

தோற்ற ஆட்டம்தான். ஆனால் ஜப்பான் இன்றுவரை கொண்டாடுவது அந்தத் தோல்வியைத்தான். இப்போது அந்த மைதானத்துக்கு வெளியே இரண்டு சிலைகள் இருக்கின்றன. ஒன்று சவாமுரா, மற்றது பேப் ரூத்.

அந்த அணியை அடிப்படையாக வைத்தே 1934 டிசம்பரில் ஒரு தொழில்முறை கிளப் உருவானது. இன்று யோமியூரி ஜயன்ட்ஸ் என்று பெயர் பெற்ற அணி அதுதான். 1935-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய், ஊர் ஊராகச் சுற்றி நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்கள். 1936-ல் ஏழு அணிகளோடு ஜப்பானில் தொழில்முறை லீக் தொடங்கியது. சவாமுராவின் சட்டையில் எண் 14.

அந்த வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி, ஒசாகா டைகர்ஸ் அணிக்கு எதிராக அந்த லீக்கின் முதல் நோ-ஹிட்டரை வீசினார். வயசு 19. டிசம்பரில் முதல் சாம்பியன் யார் என்று தீர்மானிக்க, டோக்கியோவில் கடலை ஒட்டி இருந்த சுசாகி மைதானத்தில் அதே டைகர்ஸோடு மூன்று ஆட்டம். மூன்றிலும் சவாமுரா பந்து வீசினார். ஜயன்ட்ஸ் முதல் சாம்பியன் ஆனது. எதிரணியின் பெரிய அடிவீரர் மசாரு ககேவுரா. இந்த இரண்டு பேர் மோதலைப் பார்க்கவே கூட்டம் வரும்.

1937-தான் அவருடைய உச்சம். மே 1-ஆம் தேதி மறுபடியும் டைகர்ஸ், மறுபடியும் நோ-ஹிட்டர். அந்த வசந்தகாலப் பருவத்தில் மட்டும் 24 வெற்றி, 4 தோல்வி, 196 ஸ்ட்ரைக் அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன்னின் சராசரி 0.81. அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு ரன்கூட இல்லை! லீக்கின் முதல் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. வயசு அப்போது 20. நம் மூன்றாமாண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வயசு.

இருபது வயசு என்றால் அன்றைய ஜப்பானில் இன்னொரு அர்த்தமும் உண்டு. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் வயசு அது. 1937 ஜூலையில் சீனாவோடு போர் மூண்டிருந்தது. உயர்கல்வி படிக்கும் மாணவர்களுக்கு அப்போது ராணுவ அழைப்பைத் தள்ளிப்போடும் சலுகை இருந்தது. ஆட்டக்காரர்களில் சிலர் அதற்காகவே இரவுக் கல்லூரியில் பெயர் கொடுத்து வைத்தார்கள். சவாமுராவோ பள்ளியையே பாதியில் விட்டுவிட்டு வந்தவர். கையில் மாணவன் என்று சொல்லும் சீட்டு இல்லை. 1938 ஜனவரியில் ராணுவத்தில் சேர்ந்தார்.

1932-ல் யாரோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய உத்தரவு, 1934-ல் ஒரு பையனைப் பள்ளியிலிருந்து வெளியே கொண்டு வந்தது. பள்ளியை விட்டது 1938-ல் அவனைப் போர்க்களத்தில் நிறுத்தியது. கியர் டிரெய்ன் பாடம் நடத்தும்போது, முதல் சக்கரம் ஒரு பல் நகர்ந்தால் கடைசிச் சக்கரம் எங்கே நிற்கும்னு கணக்குப் போடுவோமே, எனக்கு ஒவ்வொரு தடவையும் இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

சீனாவில் இடது கையில் குண்டடி பட்டது. மலேரியாவும் வந்தது. ஆனால் பிட்சருக்கு முக்கியமானது வலது தோள். அதைக் கெடுத்தது எதிரியின் குண்டு இல்லை, சொந்த ராணுவம் கொடுத்த வேலை. பந்து வீசுவதில் பேர் போனவன் என்றால் கையெறி குண்டு வீசச் சொல்ல மாட்டார்களா? பேஸ்பால் பந்தின் எடை சுமார் 145 கிராம். அன்றைய ஜப்பானியக் கையெறி குண்டு அரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். மூன்று மடங்கு. அதை அதே கையால், அதே தோளால், திரும்பத் திரும்ப வீசியாக வேண்டும்.

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு கம்பி ஒரே இழுப்பில் அறுந்து போகாத சுமையிலும், அதையே லட்சம் தடவை ஏற்றி இறக்கினால் அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே முடி மாதிரி ஒரு விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்புக்கே அப்படி. சவாமுராவின் தோள் எலும்பும் சதையும்.

1940-ல் திரும்பி வந்து மறுபடியும் 14-ஆம் எண் சட்டையைப் போட்டார். பழைய மாதிரி கையை உயரத் தூக்கி வேகமாக வீச முடியவில்லை. இன்னொருவராக இருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பார். அவர் கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசக் கற்றுக்கொண்டார். வேகம் போனால் என்ன, பந்தை வேண்டிய இடத்தில் போடுவோம் என்று ஆடினார். அந்த ஜூலை 6-ஆம் தேதி நகோயா அணிக்கு எதிராக மூன்றாவது நோ-ஹிட்டர். முதல் இரண்டும் இறைவன் கொடுத்த கையால் வந்தவை, மூன்றாவது அவர் தானே செய்துகொண்டது என்று எனக்குப் படும். மூன்றில் எது பெரிசுன்னு கேட்டால் யோசிக்காமல் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

1941-ல் கல்யாணம் ஆனது. அதே வருஷம் இரண்டாவது ராணுவ அழைப்பு. இந்த முறை பிலிப்பைன்ஸ். 1943-ல் திரும்பி வந்தபோது நாட்டில் பேஸ்பாலே மாறிப் போயிருந்தது. எதிரியின் மொழி என்று ஆங்கிலச் சொற்களைத் தடுத்திருந்தார்கள். நடுவர் ஸ்ட்ரைக் என்று கத்தக் கூடாது, ஜப்பானிய மொழியில் சொல்லணும். கோஷியன் மைதானத்தின் இரும்புக் கூரையைக்கூடப் போருக்கு உலோகம் வேண்டும் என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

சவாமுராவின் தோளும் கழன்று போயிருந்தது. அந்த வருஷம் மூன்று தோல்வி, ஒரு வெற்றிகூட இல்லை. 1944 தொடக்கத்தில் அணி அவரை விடுவித்துவிட்டது. எந்த அணிக்காகப் பள்ளியை விட்டாரோ அதே அணி. அவர் எண்ணிக்கையை நோட்டில் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 63 வெற்றி, 22 தோல்வி. அதில் 47 வெற்றி ராணுவத்துக்குப் போவதற்கு முன் வந்தவை. போய் வந்த பிறகு 16. முழு ஆயுளும் ஆடியிருந்தால் எவ்வளவு என்று கணக்குப் போட எனக்கு ஃபார்முலா தெரியாது.

அதே 1944-ல் மூன்றாவது அழைப்பு வந்தது. வீட்டில் மனைவி, கைக்குழந்தையாகப் பெண். படைவீரர்களை ஏற்றிக்கொண்டு பிலிப்பைன்ஸ் நோக்கிப் போன ஹவாய் மாரு என்ற கப்பலில் அவரும் இருந்தார். டிசம்பர் 2-ஆம் தேதி, யாகுஷிமா தீவுக்கு மேற்கே, சீ டெவில் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் அதைத் தாக்கி மூழ்கடித்தது. குசநாகியில் அந்த நான்கு அமெரிக்கர்களை அவுட் ஆக்கி அப்போதுதான் பத்து வருஷம் முடிந்திருந்தது. கைதட்டியதும் அமெரிக்கர்கள், மூழ்கடித்ததும் அமெரிக்கர்கள். இதில் யார் மேல் கோபப்படுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் சுமந்து வீசிய கையெறி குண்டுகளும் சீனாவில் யாரோ ஒரு தாயின் பிள்ளை மேல்தான் விழுந்திருக்கும். அதையும் எழுதாமல் விட்டால் இது முழுக் கதை ஆகாது.

சித்தப்பாவிடம் இந்தத் தேதியைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கடலில் அவர் எத்தனையோ தடவை போயிருக்கிறார். இஞ்சின் ரூமில் இருப்பவனுக்குக் கடல் தெரியாது, சத்தம்தான் தெரியும் என்றார். அப்புறம், கப்பலின் அடித்தளத்தில் இருப்பவர்கள் மேலே ஏறி வர எவ்வளவு நேரமாகும் என்று அவரே சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

டைகர்ஸின் ககேவுராவும் திரும்பி வரவில்லை. 1945-ல் பிலிப்பைன்ஸில் இறந்தார். சுசாகி மைதானத்தில் கூட்டம் யாரைப் பார்க்க வந்ததோ, அந்த இரண்டு பேரும் இல்லை.

போர் முடிந்தது. 1946-ல் லீக் மறுபடி தொடங்கியது. குண்டு விழுந்து கருகிய ஊர்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் ஏது? ஒரு துண்டு அட்டை போதும். மெங்கோ கொடிகட்டிப் பறந்தது. அட்டை அச்சடித்தவர்கள் அன்றைக்கு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் படத்தைப் போட்டார்கள். சிவப்பு மட்டையோடு வந்த தெட்சுஹாரு கவகாமி, நீல மட்டையோடு வந்த ஒஷிதா. சட்டையில் வண்ணம், முகத்தில் வண்ணம், பின்னால் மஞ்சள் வானம். என் டப்பாவில் கவகாமி மட்டும் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர் சவாமுராவோடு ஒரே அணியில் ஆடியவர்.

விக்டர் ஸ்டார்ஃபின் அட்டை ஒன்றும் இருக்கு. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ரஷ்யாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பிள்ளை. 1934-ல் சவாமுராவைப் போலவே இவரும் பள்ளியை விட்டுத்தான் அந்த அணிக்கு வந்தார். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர், அதனால் ராணுவம் இவரை அழைக்கவில்லை. சந்தேகப்பட்டார்கள், பெயரை மாற்ற வைத்தார்கள், போர்க்காலத்தில் அடைத்தும் வைத்தார்கள். ஆனாலும் உயிரோடு இருந்தார். 1955-ல் ஜப்பானில் முதன்முதலாக 300 வெற்றி கண்ட பிட்சர் ஆனார். 1957-ல் கார் விபத்தில் இறந்தார். ஒரே வருஷம் ஒரே கதவு வழியாக உள்ளே வந்த இரண்டு பிள்ளைகள். ஒருவருக்கு 303 வெற்றி, ஒருவருக்கு 63. திறமையில் வித்தியாசம் என்று யாராவது சொல்வார்களா?

ஆக, சவாமுரா ஏன் என் டப்பாவில் இல்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அட்டைகளின் பொற்காலம் 1947-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அவர் கடைசியாக ஆடியது 1943. போருக்கு முந்திய காலத்து அட்டைகளும் புரோமைடுகளும் கிடைப்பது குதிரைக் கொம்பு. தாளுக்கே தட்டுப்பாடு வந்த காலம், ஊரே எரிந்த காலம். மிட்டாய்க் கடை எரிந்தால் அட்டை மட்டும் தப்புமா?

நாடு அவரை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1947-ல் சிறந்த பிட்சருக்கென்று சவாமுரா விருதை ஏற்படுத்தினார்கள். முதல் வருஷம் அதை வாங்கியவர் நங்காய் அணியின் டகெஹிகோ பெஷ்ஷோ. இன்றும் வருஷா வருஷம் கொடுக்கிறார்கள். தகுதியான ஆள் இல்லை என்றால் அந்த வருஷம் யாருக்கும் கிடையாது. 2019-ல் அப்படித்தான், யாருக்கும் கொடுக்கவில்லை. ஜயன்ட்ஸ் அணி 14-ஆம் எண்ணை 1947-லிருந்து வேறு எவருக்கும் தருவதில்லை. 1959-ல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். டோக்கியோ டோம் அருகே போரில் இறந்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு கல் வைத்திருக்கிறார்கள். அதில் அவர் பெயரும் உண்டு.

போன வருஷம் லீவில் வந்த சித்தப்பா, ஒரு கவரை நீட்டினார். உள்ளே சவாமுரா! இடது கால் வானத்தைப் பார்க்க, 14-ஆம் எண் சட்டையில். எனக்குக் கை நடுங்கியது. திருப்பிப் பார்த்தேன். பழைய வீரர்கள் வரிசை என்று பிற்காலத்தில் ஒரு கம்பெனி புதிதாக அச்சடித்தது. பளபளவென்று இருந்தது. மூலை நான்கும் கத்தி மாதிரி. படம் ரொம்பத் துல்லியம். ஆனால் எந்தப் பையனும் அதைத் தரையில் அடித்ததில்லை. எவன் கையிலும் அது புரண்டதில்லை, தோற்றதில்லை, ஜெயித்ததும் இல்லை. சித்தப்பாவின் மனசு நோகக் கூடாதென்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். அதை என் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறேன். டப்பாவில் வைக்கவில்லை.

டப்பாவுக்கு வேறு ஒன்று செய்தேன். ஷீட் மெட்டல் பிராக்டிகலில் மிச்சமான நேரத்தில், மற்ற அட்டைகளின் அளவிலேயே ஒரு தடித்த அட்டையை வெட்டினேன். ஒன்றும் எழுதவில்லை, படமும் இல்லை. ஒரு மூலையில் பென்சிலால் 14 என்று மட்டும் போட்டேன். அதைக் கவகாமிக்கும் ஸ்டார்ஃபினுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். அணியில் அவர் நின்றிருக்க வேண்டிய இடம் அதுதானே.

நண்பர்களே, சேகரிப்பு என்றால் இருப்பதை அடுக்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அடுக்கி முடித்த பிறகுதான் எது இல்லை என்று தெரியுது. ஏன் இல்லை என்று கேட்க ஆரம்பித்தால், ஒரு அட்டைக்குப் பின்னால் ஒரு உத்தரவு, ஒரு போர், ஒரு கப்பல் எல்லாம் வந்து நிற்குது. நம்மைப் போல் இருபது வயசில் இருந்த ஒருவனின் தோளை ஒரு நாடு எப்படிச் செலவழித்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு 41 அட்டை தேவைப்பட்டது.

அடுத்த தடவை என் கட்டிலுக்கு அடியில் கை விடுகிறவர்கள் முறுக்கு இல்லையேன்னு திட்டினாலும் பரவாயில்லை. டப்பாவைத் திறந்தால் அந்த வெற்று அட்டையையும் ஒரு தரம் எடுத்துப் பாருங்க. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வெச்சிடுங்க.

மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்